நீர்மூழ்குவோரின் காது நோய்கள்: வரலாறு

நீர்மூழ்குவோரின் காது நோய்கள் என்பவை நீருக்கடியில் மாறும் அழுத்தத்தாலும், நெடுநேரம் நீரில் நனைவதாலும், அழுத்தம் குறையும்போது உடலில் உருவாகும் வாயுக் குமிழ்களாலும் காதில் ஏற்படும் பாதிப்புகள் ஆகும். ஸ்கூபா முறையில் மூழ்குவோரிடம் மிகுதியாகக் காணப்படும் காயம் காதுக் காயமே. நீரில் இறங்கினால் காது வலிக்கும் என்பது கிரேக்கர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் ‘காது அடைத்திருக்கிறது’ என்ற ஒரே முறையீட்டுக்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம் என்பதும், அவற்றுள் சிலவற்றுக்குச் சில மணி நேரத்துக்குள் மருத்துவம் தேவை என்பதும் 1970-களில்தான் தெளிவாயின.

பழங்காலம்

அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘பிராப்ளமாட்டா’ என்னும் கிரேக்க வினாவிடைத் தொகுப்பு, கடலில் மூழ்குவோரின் காதுகள் ஏன் கிழிகின்றன என்று கேட்கிறது. மூழ்குவோர் காதைச் சுற்றிக் கடற்பஞ்சு கட்டிக்கொள்வதையும், காதில் எண்ணெய் விடுவதையும் அது குறிப்பிடுகிறது. சிலர் காதையும் மூக்கையும் கீறிக்கொண்டதாகவும் அதில் செய்தி உண்டு. கடற்பஞ்சு எடுப்பது அக்காலக் கிரேக்கத் தீவுகளின் முக்கியத் தொழில்களில் ஒன்று. காது கிழிவது தொழிலோடு வரும் இயல்பான இழப்பாகக் கருதப்பட்டது.

தென்கிழக்கு ஆசியாவின் பஜாவு கடலோடிகளிடம், இளமையிலேயே செவிப்பறை கிழிந்துவிடுவதை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இருந்ததாகப் பதிவுகள் உள்ளன. துளை விழுந்த செவிப்பறையில் அழுத்த வேறுபாடு தங்குவதில்லை. எனவே வலியும் இல்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை கேட்கும் திறன்.

எலும்புகளிலும் சான்று உண்டு. குளிர்ந்த நீர் அடிக்கடி புகும் காதில், வெளிக்குழாயின் எலும்பு சிறு முடிச்சுகளாக வளரும். வட சிலிக் கடற்கரையின் தொல்குடி ஆண்களின் மண்டையோடுகளில் இவ்வளர்ச்சி மிகுதியாக உள்ளது. 2019-இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்ட 23 நியண்டர்தால் மனிதர்களுள் சுமார் பாதிப்பேரிடம் இதைக் கண்டது. நீரோடு மனிதனுக்கு இருந்த உறவைக் காது எலும்பே பதிந்து வைத்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் குளியாளிகள்

கொற்கையில் நடந்த முத்துக்குளிப்பைக் கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதாகவும் அந்நூல் கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் இக்கடலின் முத்துக்குளிப்பை விவரித்தார். பிற்காலத்தில் தூத்துக்குடிக் கரையிலும் இலங்கையின் மன்னார்க் கரையிலும் பரதவரும் முஸ்லிம் குளியாளிகளும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் குளித்தனர்.

குளியாளி கல்லில் காலை வைத்துக் கயிற்றோடு விரைவாக இறங்குவார். பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் இருந்தன. ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி. அரபியர் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினர். உள்ளூர்க் குளியாளிகள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டனர். மூக்கைப் பிடிப்பது நீர் புகாமல் தடுப்பதற்கு மட்டுமன்று, காதை ‘திறந்து’ கொள்வதற்கும் உதவும். சுறாவைக் கட்டுவதற்காகக் கரையில் மந்திரம் ஓதிய கடல்கட்டிகளுக்குச் சிப்பியில் பங்கு உண்டு. ஆனால் குளியாளியின் உடலில் அன்றாடம் அடிவாங்கிய உறுப்பு காதுதான். ஒரு நாளில் பலமுறை குளிப்பவரின் செவிப்பறை, ஒவ்வொரு முறையும் கடும் அழுத்த மாற்றத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

காதின் குழாயும் வால்சால்வாவும்

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்னும் காற்றறை உள்ளது. அதைத் தொண்டையின் மேற்பகுதியோடு ஒரு குறுகிய குழாய் இணைக்கிறது. இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி 16-ஆம் நூற்றாண்டில் இதை விரிவாக விளக்கியதால், இது யூஸ்டேசியன் குழாய் எனப்படுகிறது. போலோனியாவைச் சேர்ந்த அந்தோனியோ மரியா வால்சால்வா 1704-இல் வெளியிட்ட செவி பற்றிய நூலில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை வெளியே தள்ளும் முறையை விவரித்தார். நடுச்செவியிலுள்ள சீழை வெளியேற்றவே அவர் அதைப் பரிந்துரைத்தார். இன்று உலகெங்கும் மூழ்குவோர் காதைச் சமன்செய்யப் பயன்படுத்துவது இம்முறையையே.

1853-இல் இலண்டன் மருத்துவர் ஜோசப் டொயின்பி, இக்குழாய் இயல்பில் மூடியிருக்கும், விழுங்கும்போது திறக்கும் என்று காட்டினார். காது இரைச்சலுக்கு மருந்து தேடிய அவர், ஆவிகளை உள்ளிழுத்து நடுச்செவிக்குள் செலுத்தித் தம்மீதே சோதித்தபோது 1866-இல் இறந்தார். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரென்சல் 1938-இல், நாக்கையும் தொண்டைத் தசைகளையும் கொண்டு காற்றை மெல்லத் தள்ளும் முறையைப் போர் விமானிகளுக்காக விளக்கினார். நெஞ்சழுத்தம் தேவைப்படாத இம்முறை வால்சால்வா முறையைவிட மென்மையானது.

ஹாலியின் மணி

வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, 1690-களில் நீர்மூழ்கு மணி ஒன்றை அமைத்துத் தாமே அதில் இறங்கினார். 1716-இல் வெளியான கட்டுரையில், ஐவர் 9 அல்லது 10 பாகம் ஆழத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக இருந்ததை எழுதினார். இறங்கும்போது காதில் கூர்மையான வலி எழும். சற்று நேரத்தில் ஏதோ திறந்தாற்போல் வலி நீங்கும். மேலும் இறங்கினால் மீண்டும் வரும் என்பது அவர் கண்ட அனுபவம். வலியைத் தடுக்க எண்ணிய ஒருவர் மென்ற காகிதத்தைக் காதில் அடைத்துக்கொண்டார். மணி இறங்க இறங்க நீரழுத்தம் அதை உள்ளே தள்ளியது. மருத்துவர் பெரும்பாடுபட்டே அதை எடுத்தார். காதடைப்பான் அணிந்து மூழ்கக் கூடாது என்ற இன்றைய விதிக்கு இது ஒரு பழைய விளக்கம்.

காரணத்தை ராபர்ட் பாயிலின் 1662-ஆம் ஆண்டு விதியால் விளக்கலாம். கடல்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டர் ஆழத்தில் 2. அங்கு நடுச்செவிக் காற்றின் கனஅளவு பாதியாகச் சுருங்க வேண்டும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். ஆகவே மேற்பரப்புக்கு அருகிலுள்ள முதல் 10 மீட்டரில்தான் மாற்றம் மிகுதி. அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசத்தை, அதாவது 1.2 மீட்டர் நீரளவைத் தாண்டினால் குழாய் பூட்டிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு ஊதினாலும் திறக்காது, மேலேறுவதே வழி.

கைசன் தொழிலாளர்

1841-இல் பிரெஞ்சுப் பொறியாளர் திரிஜே, லுவார் ஆற்றங்கரையில் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட அழுத்தக் காற்று நிரப்பிய கைசன் அறையைப் பயன்படுத்தினார். பின்னர் பாலங்களுக்கு அடித்தளம் அமைக்கவும் இம்முறை பரவியது. தொழிலாளருக்கு உள்ளே போகும்போது காது வலித்தது. வெளியே வந்தபின் சிலருக்கு மூட்டு வலியும் பக்கவாதமும் வந்தன. சிலர் நிற்க முடியாமல் தள்ளாடினர், சிலருக்குக் காது கேட்காமல் போனது.

இத்தலைச்சுற்றலை விளக்க இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. ஒன்று, தலைச்சுற்றல் உட்செவியிலிருந்தும் எழலாம் என்று 1861-இல் புரோஸ்பர் மெனியேர் காட்டியது. மற்றொன்று, அழுத்தம் விரைந்து குறைந்தால் இரத்தத்திலும் திசுவிலும் கரைந்த நைட்ரஜன் குமிழாகும் என்று 1878-இல் பால் பெர் நிறுவியது. 1908-இல் ஹால்டேனும் அவர் துணைவரும் படிப்படியாக மேலேறும் அட்டவணைகளை வெளியிட்டனர். ஆனாலும் இறங்கும்போது வரும் காயமும் ஏறியபின் வரும் நோயும் உட்செவியில் ஒரே தோற்றம் கொள்வதால், குழப்பம் நீடித்தது.

ஸ்கூபாவும் உட்செவிக் காயமும்

1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் பிரான்சில் அக்வாலங் கருவியை உருவாக்கினர். போருக்குப் பின் மூழ்குதல் பொழுதுபோக்கானது. தொழிலாளிக்கும் போர்வீரருக்கும் உரியதாக இருந்த காதுக் காயம் சுற்றுலாப் பயணிக்கும் வந்தது. இதற்கிடையில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் டீட் 1944-இல், நீர்மூழ்கி வீரர்களின் செவிப்பறையில் தெரியும் சிவப்பையும் இரத்தக் கசிவையும் கொண்டு நடுச்செவிக் காயத்தைப் படிகளாக வகுத்தார். அவ்வகைப்பாடு திருத்தங்களோடு இன்றும் வழக்கில் உள்ளது.

அடுத்த திருப்பம் 1971-இல் வந்தது. திடீர்ச் செவிடு சிலருக்கு உட்செவியின் வட்டச் சாளரச் சவ்வு கிழிவதால் ஏற்படுகிறது என்று அமெரிக்க மருத்துவர் குட்ஹில் விளக்கினார். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் பிரீமனும் எட்மண்ட்சும் மூழ்குவோரிடம் இக்காயத்தை விவரித்தனர். காது திறக்காத நிலையில் மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினால், மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம் உயர்ந்து உட்செவி நீர்மத்துக்குப் பரவும். அதனால் மெல்லிய சவ்வு கிழிந்து நீர்மம் கசியலாம். செவிப்பறை பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே கேட்கும் திறன் போகக்கூடும்.

அதே பத்தாண்டில், ஹீலியம் கலவையில் ஆழமாக மூழ்கியோரிடம் உட்செவியின் அழுத்தக் குறைவு நோய் தனியே இனங்காணப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆய்வுகள், இதயத்தின் மேலறைகளுக்கிடையே சிறு திறப்பு உள்ளவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதைக் காட்டின.

இவ்வேறுபாடு மருத்துவத்தை மாற்றியது. குமிழால் வந்த நோய்க்கு உயரழுத்த அறையில் ஆக்சிஜன் தர வேண்டும். சவ்வு கிழிந்தவரை அதே அறையில் வைத்தால், காது சமன்செய்ய அவர் மீண்டும் ஊத நேர்ந்து காயம் பெருகலாம். எனவே மருத்துவர் முதலில் கேட்பது அறிகுறி எப்போது தொடங்கியது என்பதே. இறங்கும்போது வலியும் அடைப்பும் இருந்து பின் செவிடானால் அழுத்தக் காயம் என்று ஐயுறுவர். இறங்குகையில் தொல்லையின்றி, ஆழமான அல்லது நீண்ட மூழ்கலுக்குப் பின் தலைச்சுற்றல் எழுந்தால் குமிழ் நோய் என்று ஐயுறுவர்.

எளிய கருவி ஒன்றும் உண்டு. ஏர்ன்ஸ்ட் வேபர் 1834-இலும் ரின்னே 1855-இலும் விவரித்த இசைக்கவைச் சோதனைகள், கோளாறு நடுச்செவியிலா உட்செவியிலா என்று பிரித்துக் காட்ட உதவுகின்றன. வாயை மூடி ‘ம்’ என்று முனகும்போது ஒலி அடைத்த காதில் பலமாகக் கேட்டால் நடுச்செவி அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உட்செவி பாதிப்பு இருக்கலாம். இது மருத்துவரின் சோதனைக்கு மாற்று ஆகாது.

மருத்துவம் தேட வேண்டிய நேரம்

இவ்வறிவின் அடிப்படையில் இன்று பின்பற்றப்படும் நெறிகள் வருமாறு.

உடனடியாக, அதே நாளில்: மூழ்கியபின் கேட்கும் திறன் திடீரெனக் குறைதல்; சுழலும் தலைச்சுற்றல், வாந்தி, நடை தள்ளாடல்; புதிதாக எழுந்த பலத்த இரைச்சல்; முகத்தின் ஒரு பக்கம் இழுத்தல். இவற்றோடு கை கால் மரத்தலோ பலவீனமோ மூட்டு வலியோ இருந்தால் அழுத்தக் குறைவு நோயாகக் கருதி ஆக்சிஜன் கொடுத்து, உயரழுத்த அறை உள்ள இடத்தை அணுக வேண்டும். திடீர்ச் செவிட்டுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தும் தாமதமின்றித் தொடங்கினால்தான் நன்கு பயன் தரும்.

ஓரிரு நாளுக்குள்: காதிலிருந்து இரத்தமோ நீரோ வருதல், கடும் வலி சட்டென நின்று சிறிது நேரம் தலை சுற்றுதல். இது செவிப்பறை கிழிந்ததன் அடையாளம். மருத்துவர் பார்க்கும்வரை சொட்டு மருந்தோ எண்ணெயோ விடக் கூடாது. காதை நனைக்கக் கூடாது. பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களில் தாமே ஆறும்.

இலேசான அடைப்பு: வலியின்றி அடைப்பு மட்டும் இருந்தால் ஓய்வு போதும். இரண்டு நாளைக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ மருத்துவரைக் காண வேண்டும். பல நாள் மூழ்கியபின் அரிப்பும், காது மடலை இழுத்தால் வலியும் இருந்தால் அது வெளிச்செவித் தொற்று.

உட்செவிக் காயம் என ஐயுறும்போது மூக்கைச் சிந்துதல், முக்குதல், பளு தூக்குதல், விமானப் பயணம் ஆகியவற்றைத் தவிர்த்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். எந்தக் காதுக் காயமானாலும், முழுதும் ஆறி மருத்துவர் ஒப்பும்வரை மீண்டும் மூழ்கக் கூடாது.

தடுப்பு

சளி பிடித்திருக்கும்போது மூழ்காமை முதல் விதி. மூக்கடைப்பு மருந்தை நம்பி இறங்கினால், ஆழத்தில் அதன் வேகம் தணிந்து ஏறும்போது காற்று வெளியேற வழியின்றி வலிக்கும். கால் கீழாக, மெல்ல, வலி தொடங்குமுன்பே அடிக்கடி சமன்செய்தபடி இறங்க வேண்டும். திறக்காவிட்டால் ஒரு மீட்டர் மேலேறி மெல்ல முயல வேண்டும். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைய மூழ்கலைக் கைவிட வேண்டும். கல்லோடு இறங்கிய குளியாளிக்கும், கைசனில் கூலிக்கு நுழைந்த தொழிலாளிக்கும் பாதியில் திரும்பும் உரிமை எளிதில் இருந்ததில்லை. பொழுதுபோக்காக மூழ்குபவருக்கு அது உண்டு.