துறவும் சம்பளமும் வரியும்

தமிழ்நாட்டின் அரச உதவி பெறும் பாடசாலைகளில் கற்பிக்கும் கத்தோலிக்கக் குருமாரினதும் அருட்சகோதரிகளினதும் சம்பளத்திலிருந்து இந்திய மத்திய அரசின் வருமான வரியைக் கழிக்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதியரசர் அமர்வு 2019 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. தனி நீதியரசர் ஒருவர் முன்னர் வழங்கிய மாறான தீர்ப்பு இதனால் இரத்தானது. இதற்கெதிரான மேன்முறையீடுகளை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7ஆம் திகதி தள்ளுபடி செய்தது.

துறவிகள் தரப்பு வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வறுமை விரதம் பூண்டவருக்குச் சொந்த உடைமை இல்லை. திருச்சபைச் சட்டத்தின்படி அவர் உலகியல் உரிமைகளைத் துறந்தவர். சம்பளம் முழுவதும் சபையையே சேர்கிறது என்றனர். மறைபணியாளர் தம் சபையிடம் ஒப்படைக்கும் கட்டணங்களுக்கு விலக்களித்த 1944ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் சுட்டிக்காட்டினர்.

நீதிமன்றம் நோக்கியதோ, சம்பளம் யாருக்கு உரித்தாகிறது என்பதையே. ஆசிரியர் என்ற தகுதியில், தனிப்பட்ட பெயரில் வழங்கப்படும் சம்பளம் அவருடைய வருமானமே. அதைச் சபைக்கு வழங்குவது, கிடைத்த வருமானத்தைச் செலவிடும் முறை மாத்திரமே. சுற்றறிக்கை கூறியது கட்டணத்தை, சம்பளத்தை அன்று. திருச்சபைச் சட்டம் நாட்டின் வரிச் சட்டத்தை மேவாது.

எமது கரையோர மக்களுக்கு இத்தர்க்கம் அந்நியமானதன்று. உரிமை இல்லாத பொருளில் ஸக்காத் கடமையாவதில்லை. கொடுப்பவர் முதலில் உரிமையாளர், பின்னரே கொடையாளர். மலேசியாவில் ஒருவர் செலுத்தும் ஸக்காத் அவரது வருமான வரியிலிருந்து கழிக்கப்படுகிறது. ஆனால் அது சட்டம் வெளிப்படையாக வழங்கிய சலுகை. சமய அடிப்படையில் நிவாரணம் கோருவோர் நாட வேண்டிய இடம் சட்டவாக்க மன்றமே என்பதையே இது உணர்த்துகிறது.

இலங்கையில் அரச ஊழியரின் சம்பளத்துக்கு நெடுங்காலம் இருந்த வரிவிலக்கு 2011இல் நீங்கியது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவே தனிநபர் வரிவிலக்கு எல்லை. அதைத் தாண்டும் கல்முனை வைத்தியரின் வரி, சம்பளம் கைக்கு வருமுன்பே கழிகிறது. கணக்குக் காட்டாது பெரும்பொருள் ஈட்டுவோரிடம் அந்தக் கண்டிப்பு இல்லையெனில், சட்டத்தின் முன் சமத்துவம் என்பது சம்பளக்காரருக்கு மாத்திரம் உரிய சுமையாகிவிடும். துறவிக்கும் விலக்கில்லை என்னும் சட்டம், செல்வந்தருக்கு வழிவிடலாகாது என்பதே எமது நிலைப்பாடு.