கல்லிற் பொறித்த வேலை விவரம்

நமது சங்கத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் ஊரில் ஒரு வீடு கட்டுவித்தார். கண்டிராக்டரும் அயலார் அல்லர், உறவினரே. முத்திரைத்தாளில் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டனர். முதல்தரமான செங்கல், நல்ல கலவை, உறுதியான மரம், நேர்த்தியான பூச்சு என்று அதில் கண்டிருந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் வடபுறத்துச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து விழுந்தது. வழக்கு நீதிமன்றம் செல்லுமுன் பெரியோர் சிலர் நம்மையும் உடனிருத்திப் பேசலாயினர். கட்டியவர், "முதல்தரமான கல்லே வைத்தேன்" என்றார், கட்டுவித்தவர், "இதுவோ முதல்தரம்?" என்றார். இருவர் கையிலும் ஒரே தாளின் படி இருந்தது. மூன்று நாள் இருந்து பேசியும் பிழை செய்தவர் இன்னார் என்று நம்மாற் சொல்லக்கூடவில்லை. முதல்தரம் என்பது யாது என்று அத்தாளில் ஓரிடத்தும் எழுதப்படவில்லை யன்றோ? சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த அவ்விரு குடும்பத்தாரும் இன்றுவரை ஒருவர் வாயிலை ஒருவர் மிதிப்பதில்லை.

இப்பொழுது நமது சங்கமே மாணவர் விடுதிக்கென ஒரு கட்டடம் எழுப்ப முற்பட்டிருக்கிறது. செலவாகப் போவது பலரும் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம். ஆதலின், எஞ்சினீயர்கள் ஸ்பெசிபிகேஷன் என்று வழங்கும் வேலை விவரத்தை முன்னோர் எவ்வாறு எழுதினர் என்று தேடிப் பார்க்கும் விருப்பம் நமக்கு உண்டாயிற்று. பழைய சான்றுகளுள் மிகச் சிறந்த இரண்டு கல்லிலேயே பொறிக்கப்பட்டு உலகத்திற்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் முன்னது கிரேக்க நாட்டினது, பின்னது இத்தாலியினது.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தார் கடற்படையால் வாழ்ந்தவர். அவர்களுடைய போர்க்கப்பல்கள் பைரயஸ் துறைமுகத்தில் நின்றன. பாய், கயிறு முதலிய கப்பற் கருவிகளைப் பாதுகாத்து வைக்கப் பெரியதொரு கருவிச்சாலை வேண்டியிருந்தது. கி.மு. 347 அளவில் அதனைக் கட்டத் தொடங்கினர். அதற்கு வேலை விவரம் வகுத்தவர் இருவர்: மெலிட்டே ஊரினராகிய யூதிடோமஸ், எலூசிஸ் ஊரினராகிய பீலோன். பீலோனே சிற்பியாதலின் அது பீலோனுடைய கருவிச்சாலை என்றே பெயர்பெற்றது. அவர்கள் எழுதிய விவரத்தை நகரத்தார் சலவைக்கற் பலகையில் வரிவரியாகப் பொறித்து வைத்தனர். அப்பலகை 1882ஆம் ஆண்டில் பைரயஸில் அகப்பட்டது.

அதனைப் படிப்போர்க்கு முதலில் வியப்புத் தருவது, அது கட்டடத்தின் அழகைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமையே. இடத்தைக் குறிப்பதிலிருந்து தொடங்குகிறது. ஸீயா என்னும் துறையில், சந்தைப்புறத்து வாயிலிலிருந்து தொடங்கிக் கட்டவேண்டும். நீளம் 400 அடி. அகலம் சுவர் உட்பட 55 அடி. நிலத்தின் மேடான இடத்திலிருந்து 3 அடி ஆழம் தோண்டி, மற்ற இடங்களைத் துப்புரவாக்கிக் கெட்டித்தரை கண்டு, மட்டம் பார்த்துக் கடைக்கால் இடவேண்டும். மேடான இடத்திலிருந்து என்னும் குறிப்பை நம்மவர் நன்கு நோக்குதல் வேண்டும். சரிவான மனையில், "மூன்றடி வானம் தோண்டுக" என்று வாளா எழுதினால், எங்கிருந்து மூன்றடி என்பதே சண்டைக்கு வித்தாகும்.

பின்பு தூண்கள். ஒவ்வொரு சுவரிலிருந்தும் தூணின் கனத்தையும் சேர்த்து 15 அடி தள்ளி, நெடுக இரண்டு வரிசை. வரிசைக்கு 35 தூண். நடுவே மக்கள் நடந்து செல்லும் வழி 20 அடி. நாம் கூட்டிப் பார்த்தோம்: பதினைந்தும் இருபதும் பதினைந்தும் ஐம்பது, இருபுறத்துச் சுவரும் ஏறத்தாழ இரண்டரை இரண்டரை அடி, ஆக 55. தூணின் உயரம் போதிகையோடு 30 அடி. ஏழு துண்டுகளாக அடுக்கவேண்டும். அடித்துண்டு 5 அடி, மற்றவை நான்கு நான்கு அடி. ஆறு நான்கு இருபத்துநான்கு, ஐந்து சேர இருபத்தொன்பது. எஞ்சிய ஓரடி போதிகைக்கு. சாளரங்களும் இவ்வாறே. வரிசைக்கு 35 தூண் என்றால் இடைவெளி 36. நெடுஞ்சுவர் ஒவ்வொன்றிலும் இடைவெளிக்கு நேராக ஒன்றாக 36 சாளரம், உயரம் 3 அடி, அகலம் 2 அடி. எழுதியவர் ஓர் அளவைப் பிழையாக எழுதியிருப்பாராயின், எண்ணத் தெரிந்த எந்தக் குடியானவனும் அதனைக் கண்டுபிடித்திருப்பான். இத்தகைய விவரத்தில் ஓர் அளவு மற்றோர் அளவுக்குச் சாட்சியாக நிற்கிறது.

பொருள்களைக் கூறுமிடத்து, "நல்ல கல்" என்னும் பேச்சே அங்கு இல்லை. சுவருக்கும் தூணுக்கும் பைரயஸைச் சார்ந்த கடற்கரைக் கல். போதிகைக்குப் பென்டெலிக் மலைச் சலவைக்கல். கல் எடுக்கும் சுரங்கத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் தரம் தானே குறிக்கப்பட்டுவிடும். கடைக்காற் கற்களை நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி வைக்கவேண்டும் என்று வேலையின் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. உத்தரம், சட்டம், பலகை, அதன்மேல் ஒன்றோடொன்று பொருந்தும் கொரிந்திய ஓடு என்று கூரையையும் அடுக்கடுக்காக வகுத்திருக்கிறார்கள். பாய்களை வைக்கும் பெட்டிகள் 134 என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் ஓரிடத்தில் மட்டும் அளவு கூறாது விட்டனர். சாலையினுள் காற்றோட்டமும் குளிர்ச்சியும் இருத்தற்பொருட்டுச் சுவர் எழுப்பும்போது கற்களின் பொருத்துவாயில் சிறு இடைவெளி விடவேண்டும். அது எங்கெங்கு என்பது சிற்பி கட்டளையிடும் இடத்தில் என்றனர். பாயும் கயிறும் புழுங்கினால் மக்கிப்போம். காற்று எப்பக்கம் வரும் என்பதைச் சுவர் எழும்போதுதான் அறியக்கூடும். தாளில் எழுதவியலாத ஒன்றை எழுதியதாகப் பாவனை செய்யாமல், அதனை முடிவு செய்பவர் இன்னார் என்று எழுதிவைத்தனர். இறுதியில், ஒப்பந்தக்காரர் இவ்விவரத்தின்படியும், இவ்வளவுகளின்படியும், சிற்பி காட்டும் மாதிரியின்படியும் வேலையை முடித்து, ஒவ்வொன்றிற்கும் தாம் ஒப்புக்கொண்ட காலத்தில் ஒப்புவிக்க வேண்டும் என்று முடிகிறது. எழுத்து, அளவு, மாதிரி ஆகிய மூன்றுமே வேண்டும் என்று அன்றே கண்டனர்.

இஃது ஏன் கல்லில் ஏறிற்று? கட்டடம் நகரத்தாருடைய பணத்தில் எழுவது. அப்பலகையைக் கண்டோர் யாவரும் கட்டப்படும் சுவரையும் எழுதிய எழுத்தையும் ஒத்துப் பார்க்கலாம். நம் நாட்டுக் கோயிற் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளத்தை வெட்டிவைத்த வழக்கமும் இதற்கு அயலானதன்று; அளவு ஒருவர் மடியிலிருந்தால் ஊருக்குப் பயன் என்ன?

கருவிச்சாலை எளிதில் முடிந்துவிடவில்லை. மாசிடோனிய மன்னன் பிலிப்போடு போர் மூண்டபோது, டெமாஸ்தனீஸின் தீர்மானப்படி அப்பணம் போருக்குத் திருப்பப்பட்டு வேலை நின்றது. பின்பு லைகர்கஸ் என்பார் நகரத்தின் வரவு செலவை நடத்திய காலத்தில், கி.மு. 330 அளவில் நிறைவெய்திற்று. பீலோன் தம் வேலையைப்பற்றி மக்கள் அவையில் மிக்க சொல்வன்மையோடு விளக்கம் கொடுத்தார் என்று உரோம நாட்டுச் சிசரோ எழுதுகிறார். அவர் இச்சாலையைப்பற்றி ஒரு நூலே இயற்றினார் என்பது விட்ருவியஸ் வாக்கால் தெரிகிறது. அந்நூல் இன்று இல்லை. சாலையோ கி.மு. 86இல் உரோமத் தளபதி சுல்லாவின் படையெடுப்பில் அழிந்தது. 1882இல் கற்பலகை வெளிப்பட்டபின் அறிஞர் பலர், கட்டடத்தைக் கண்ணாற் காணாமலே, எழுத்தைக் கொண்டு அதன் படத்தை வரைந்தனர். ஒரு நூற்றாண்டிற்குப்பின், 1988இல், பைரயஸில் நிலத்தைத் தோண்டியபோது அக்கட்டடத்தின் ஒரு பகுதியே வெளிப்பட்டது. அஃது அப்பலகையிற் கண்டபடியே இருந்தது.

இனி இத்தாலிக்குச் செல்வோம். நேப்பிள்ஸ் நகரை அடுத்த புத்தியோலி என்னும் துறைமுகத்தில் கி.மு. 105இல் செராபிஸ் கோயிலின் முன்னுள்ள வெளியில் ஒரு சுவரும் அதில் ஒரு வாயிலும் அமைக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. வேலை சிறியது; விவரமோ பெரிது. சுவரில் 6 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள வாயில் திறக்கவேண்டும். அதன்மேல் வைக்கும் உத்தரம் 8 அடி நீளமுள்ள கருவாலி மரம். மேற்பலகை வேறு சாதி மரம். கலவையில் நான்கில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு சேரவேண்டும். சுவரில் வைக்கும் கருங்கற்றுண்டு உலர்ந்த நிலையில் 15 இராத்தலுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது.

இந்த எடைக் கணக்கைக் கண்டு நாம் சிறிது நேரம் அசந்துபோனோம். பெருங்கற்களை உள்ளே திணித்தால் கலவையும் உழைப்பும் மிச்சம். சுவரோ பலமற்றுப் போகும். எந்தக் கொத்தரும் அறிந்த சூழ்ச்சி இது. "கற்களைச் சரியாக அடுக்குக" என்று எழுதாமல், தராசில் வைத்து அறியத்தக்க ஓர் எண்ணை எழுதினர். உலர்ந்த நிலையில் என்ற சொல்லையும் மறக்கவில்லை.

ஏதென்ஸ் பலகையினும் புத்தியோலிப் பலகை தெளிவாகக் கூறுவது வேலையை ஏற்பதும் பணம் கொடுப்பதுமே. நகர அதிகாரிகளும் முன்னர் அப்பதவி வகித்தோரும் கூடிய அவை வேலையைப் பார்வையிட வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்கள் ஆணையிட்டு ஏற்றது ஏற்றதே, தள்ளியது தள்ளியதே. தொகையில் பாதி, ஒப்பந்தக்காரர் தக்க நிலத்தை ஈடாகக் காட்டியவுடன். மறுபாதி, வேலை முடிந்து ஏற்கப்பட்டபின். வேலையை ஏற்றவர் கயஸ் பிளாசியஸ். தொகை 1,500 செஸ்டர்ஸ். அவரே தமக்குப் பிணையும் ஆனார். வேறு பிணையாளிகளின் பெயரும் கீழே உண்டு. இத்தனைக்கும் அஃது ஒரு சுவர்தான்.

இவ்விரண்டிலும் காணாதது ஒன்றுண்டு. கல்லின் ஊரையும் மரத்தின் சாதியையும் சொல்லித் தரத்தைக் குறிக்கலாம். தூளாக்கிப் பீப்பாயில் அடைத்து வரும் பொருளை எவ்வாறு குறிப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்ட்லண்டு சிமெண்டு வந்தபோது இந்தச் சங்கடம் நேர்ந்தது. 1859 முதல் இலண்டன் மாநகரின் பெருஞ்சாக்கடைகள் கட்டப்பட்டன. அவற்றின் தென்பகுதிக்கு எஞ்சினீயராயிருந்த ஜான் கிராண்ட் என்பார், வந்த சிமெண்டைச் சோதியாமல் ஏற்பதில்லை என்று வகுத்தார். ஒரு புஷல் அளவு சிமெண்டு 110 இராத்தலுக்குக் குறையலாகாது. இரும்பு அச்சில் வார்த்து ஏழு நாள் நீரில் ஊறவைத்தபின், ஒன்றரை அங்குலச் சதுரமுள்ள கழுத்தைப் பிடித்திழுத்தால் 400 இராத்தல் வரை அறாது தாங்கவேண்டும் என்று விதித்தார். பின்னர் அதனை 500 ஆக உயர்த்தினார். உற்பத்தியாளர் தம் சரக்கைத் திருத்திக்கொண்டனரே யன்றித் தொழிலை விட்டு ஓடவில்லை. பிரிட்டிஷ் சிமெண்டுத் தர விதி 1904இல் வெளிவந்தது. சென்னையிலும் அவ்வாண்டிலேயே சிமெண்டு செய்யும் முயற்சி ஒன்று தொடங்கிற்று, அது நிலைக்கவில்லை. இந்தியத் தர நிறுவனம் சாதாரண போர்ட்லண்டு சிமெண்டிற்கு விதி வகுத்தது 1951இல். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வந்தது. ஆதலின் இக்காலத்தில் விவரம் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே ஆராய வேண்டுவதில்லை. தக்க விதியின் எண்ணைக் குறித்து, சோதனை செய்பவர் யார், சோதனைச் செலவு யாருடையது என்று மட்டும் எழுதினால் போதும்.

விடுதிக் கட்டடத்திற்கு நம் குழுவினர் வரைந்த முதற் குறிப்பிலும், வெட்கத்தோடு சொல்லுகிறோம், "முதல்தரமான செங்கல்" என்றே இருந்தது. அதை அடித்துவிட்டு இவ்வாறு எழுதியுள்ளோம்: செங்கல் 19 சென்டிமீட்டர் நீளமும் 9 அகலமும் 9 உயரமும் உடையதாக வேண்டும், வந்திறங்கும் ஒவ்வொரு சுமையிலிருந்தும் குழுவினர் கண்முன் கற்களைப் பொறுக்கி, உலர்த்தி நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுக்கவேண்டும், முதல் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் கூடினால் அச்சுமை திரும்பிப் போகும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி கண்டிராக்டருடையது. கலவையை அளக்க மரப்பெட்டி ஒன்று செய்யப்படும். சட்டியால் அளத்தல் கூடாது. பூச்சுக்கும் சுவர்க்கட்டுக்கும் எத்தனை நாள் நீர் ஊற்றவேண்டும் என்ற பகுதி இன்னும் முடிவாகவில்லை. குழுவில் கருத்து வேறுபாடு உண்டு.

அக்குறிப்பின் படி ஒன்று சங்கத்தின் வாசகசாலைப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கட்டட வேலையில் பழகிய அன்பர்கள், முக்கியமாகக் கொத்து வேலையும் தச்சு வேலையும் தம் கையால் செய்தவர்கள், அதனைப் படித்து, ஐயமான இடங்களையும் ஏமாற்ற இடந்தரும் சொற்களையும் சுட்டி, அடுத்த மாதம் குழு கூடுவதற்குள் எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம்.