மூளை முடக்குவாதம்: அசைவும் உணர்வும்

மூளை முடக்குவாதம் அல்லது பெருமூளை வாதம் என்பது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளை கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சிறிது காலத்திலோ சேதமடைவதால் அசைவும் உடல் நிலைப்பாடும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் நிலை. சேதம் கூடுவதில்லை, ஆனால் பிள்ளை வளர வளர அதன் விளைவுகள் மாறும்.

இதை முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜோன் லிட்டில். இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலேயே கால் வளைந்தவர் அவர். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல் ஆகியனவே காரணம் என 1861இல் மகப்பேற்று மருத்துவர் அவையில் வாதிட்டார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே வழங்கியது. 1889இல் மருத்துவர் வில்லியம் ஒஸ்லர் இதுபற்றித் தனிநூல் எழுதினார். பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், 1897இல் லிட்டிலை மறுத்தார்: பிரசவச் சிக்கலே கருவில் முன்பே நேர்ந்த கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்றார். பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதே சரி. பிரசவத்தைக் குறைசொல்லித் தாயை நோகவைப்பது நியாயமில்லை.

குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலும் சேதமடைவது மூளை அறைகளை ஒட்டிய வெண்பொருள். கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகே இறங்குவதால் கால்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. முண்ணாண் மீது மூளையின் கட்டுப்பாடு குறையும்போது தசைகள் இறுகும். வேகமாக நீட்டினால் இன்னும் இறுகும். குதிக்கால் நிலத்தில் படாது, தொடைகள் கத்தரிபோல் பின்னும். இது விறைப்பு வகை, மிகப் பரவலானது. கடும் மஞ்சட்காமாலையோ மூச்சுத்திணறலோ அடித்தள நரம்புத்திரள்களைத் தாக்கினால் கைகால்கள் தாமாக முறுகும். சிறுமூளை பாதிக்கப்பட்டால் தள்ளாட்டம் வரும்.

உணர்வுப் பக்கம் வெகுகாலம் கவனிக்கப்படவேயில்லை. கண்ணை மூடச் சொல்லி ஒரு பிள்ளையின் பாதிக்கப்பட்ட கையில் திறப்பை வைத்தால், ஏதோ இருப்பது தெரியும். அது திறப்பு என்று தெரியாது. தோல் மரத்துப் போகவில்லை. மூளையின் நடுவேயுள்ள தலமசிலிருந்து மூளைப் புறணிக்குச் செல்லும் இழைகள் பழுதடைந்ததால் தொடுகைத் தகவல் ஒன்றுசேர்வதில்லை. கை எங்கே இருக்கிறது என்ற உணர்வும் மங்கும். அதனால் பிள்ளை அந்தக் கையை மறந்தேவிடும். கண் நலமாயிருந்தும் மூளை காட்சியைப் பிரித்தறியாமல் போகலாம். பானை மூடி விழுந்த சத்தத்துக்கே உடல் முழுவதும் விறைக்கும் பிள்ளைகளும் உண்டு. மூளை முடக்குவாதத்துக்கு 2007இல் வெளியான வரைவிலக்கணம் உணர்வுக் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அக்கராயன் போன்ற வன்னிக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தரின் கண்ணில்தான் மூளை முடக்குவாதம் முதலில் படக்கூடும்; மேற்சிகிச்சைக்குக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. நான்கு மாதமாகியும் தலை நிற்காத குழந்தையையும், ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டும் குழந்தையையும் தாமதியாமல் அங்கே காட்டுங்கள்.