தாளாளர் (கத்தோலிக்கப் பள்ளிகள்)

தமிழ்நாட்டின் ஆர்.சி. பள்ளிகளில் நிர்வாகத்தின் சார்பில் கையெழுத்திடும் பொறுப்பாளர். மறைமாவட்டப் பள்ளிகளில் பெரும்பாலும் பங்குத்தந்தையே தாளாளர். துறவற சபைப் பள்ளிகளில் அச்சபையைச் சேர்ந்தவர். பாடவேளையும் தேர்வும் தலைமையாசிரியர் பொறுப்பு. கட்டடமும் கல்வித்துறையுடனான கடிதப் போக்குவரத்தும் தாளாளர் பொறுப்பு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஊதியம் அரசினுடையது. ஆனாலும் ஆசிரியரின் நியமன ஆணையில் இருப்பது தாளாளர் கையொப்பமே. இந்த நிர்வாக உரிமைக்கு அடிப்படை அரசியலமைப்பின் 30(1) பிரிவு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 806ஆம் விதி, பள்ளிகளைப் பார்வையிடும் உரிமையை ஆயருக்கு அளிக்கிறது. கல்வித்தரம் வட்டாரத்தின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையக் கூடாது என்றும் பொறுப்பாளர்களைப் பணிக்கிறது. குருக்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போக, எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று அறிந்தவர் எழுத்தர் மட்டுமே. புதிய தாளாளருக்குப் பொறுப்பேற்குமுன் நிர்வாகப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.