சுவரில்லாத அறை: கண்டியில் மூவர் இசை

ஐரோப்பிய இசை வரலாற்றில் 'கம்மர்மூசிக்' என்பது இடத்தை வைத்துப் பிறந்த பெயர். ஜெர்மன் மொழியில் கம்மர் என்றால் அறை. தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் உரியவை போக, அரண்மனையின் உள்ளறையில் சிலர் வாசித்துச் சிலர் கேட்ட இசைக்கு அந்தப் பெயர் வாய்த்தது. கண்டி அரசவையிலும் இப்படியொரு பெயர் இருந்தது: கவிகார மடுவ. அரசனைப் போற்றும் பிரசஸ்திகளைப் பாடியோரின் அமைப்பு அது. மடுவ என்றால் மண்டபம் அல்லது கொட்டகை. ஆக, இரண்டு அரசவைகளும் தம் உள்ளிசையைக் கட்டடத்தின் பெயராலேயே அழைத்திருக்கின்றன. ஒரு வேறுபாடுதான்: கம்மருக்கு நான்கு சுவர் உண்டு, மடுவவுக்குத் தூணும் கூரையும் மட்டுமே.

கண்டியில் மேலைநாட்டு அறை இசையைப் பற்றி எழுதுவோர் அதை வரவுக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். துரைமாரின் பங்களாக்களிலும் மிஷன் பாடசாலைகளிலும் பியானோ வந்திறங்கியது, பாதி வேர்விட்டது, பிறகு தேய்ந்தது என்று கதை போகும். அதில் கண்டிக்கு விருந்தோம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை. வந்ததைவிட இங்கிருந்து போனதுதான் பெரிது என்பது இக்கட்டுரையின் வாதம். அதை நிறுவ முதலில் மூவர் இசையின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும்.

அதற்கான அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை குழல், யாழ், தண்ணுமை ஆகிய கருவிகளுக்கிடையே ஒரு வழிமுறையைச் சொல்கிறது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும் நிற்கின்றன. யார் யாருக்கு வழி நிற்பது என்ற இந்தக் கேள்வியைப் பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்த பியானோ ட்ரியோவிடம் கேட்டால் அதன் வரலாறு முழுவதும் வெளிவந்துவிடும். 1795இல் வெளியான ஹைடனின் ஜி மேஜர் ட்ரியோ ('ஜிப்சி' என்று பெயர் பெற்றது) பியானோவின் ஆட்சி. செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடக்கையைப் பின்தொடர்ந்து, அதே கீழ்ச்சுரங்களுக்குக் கனம் சேர்க்கிறது. அதே ஆண்டில் ஹைடனின் மாணவர் பீத்தோவன் மூன்று ட்ரியோக்களைத் தம் முதலாம் ஓப்பஸாக வெளியிட்டார். அவற்றில் செல்லோ வாய் திறந்து பேசத் தொடங்குகிறது. 1811இல் அவர் எழுதி முடித்த 'ஆர்ச்டியூக்' ட்ரியோவில் மூவரும் சரிநிகர்.

இருந்தும் சுருதி விஷயத்தில் சமத்துவம் இல்லை. வயலினும் செல்லோவும் விரலை அசைத்துச் சுரத்தைக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம். பியானோவுக்கு அந்த வசதி இல்லாததால் மற்ற இருவரும் அதற்குப் பணிந்துபோகிறார்கள். காலத்துக்கு மட்டும் தலைவர் எவருமில்லை. கோல் பிடித்து நடத்துபவர் இல்லாத அவையில் ஒருவரின் மூச்சை மற்றவர் கேட்டு எடுப்புச் செய்ய வேண்டும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆர்ச்டியூக்கே சாட்சி. 1814 ஏப்ரல் 11 அன்று வியன்னாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் அதன் அரங்கேற்றம். பியானோவில் பீத்தோவன், வயலினில் ஷுப்பான்ட்ஸிக், செல்லோவில் லின்கெ. பீத்தோவனின் செவி அநேகமாக அடைத்துவிட்ட காலம் அது. ஓங்கிய இடங்களில் கம்பி அதிர அடித்தார் என்றும், மெல்லிய இடங்களில் சுரமே எழவில்லை என்றும், பியானோவில் சுருதி சேரவில்லை என்றும் ஒத்திகையைக் கேட்ட இசையமைப்பாளர் ஷ்போர் எழுதிவைத்திருக்கிறார்.

சுருதி சேராத பியானோ கண்டிக்குப் புதிதல்ல. சுமார் 500 மீட்டர் உயரத்தில், இரண்டு பருவமழைக்கும் முகம் கொடுக்கும் ஊர் இது. பியானோவின் உள்ளே 200க்கு மேற்பட்ட கம்பிகள் ஒரு மெல்லிய மரப்பலகையை அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஈரம் ஏறினால் பலகை உப்பிச் சுருதி ஏறும். வெயில் காய்ந்தால் இறங்கும். கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். பியானோவின் அடியில் ஒரு மின்குமிழை இரவும் பகலும் எரியவிட்டு ஈரத்தை விரட்டுவது பழைய வீடுகளின் வைத்தியம். கண்டிப் பியானோக்களை வாழவைத்ததில் இசை ஆசிரியர்களுக்கு எவ்வளவு பங்கோ அந்த மின்குமிழ்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டென்று சொன்னால் மிகையாகாது.

ஈரத்தை மின்குமிழால் சமாளிக்கலாம், சுவரில்லாமைக்கு மருந்தில்லை. 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான மகுல் மடுவ, நாற்புறமும் திறந்த தூண் மண்டபம். அருட்திரு கேஸ்டர் வடிவமைத்து 1923இல் தொடங்கி 1935இல் நிறைவேறிய திரித்துவக் கல்லூரித் தேவாலயமும் அதே மரபில் செதுக்கிய கற்றூண்களும் திறந்த பக்கங்களும் கொண்டது. சுவர் இருந்தால் ஒலி திரும்பி வரும். செல்லோவின் கீழ்ச்சுரம் அப்படித் திரும்பி வருவதால்தான் உடம்பு பெறுகிறது. திறந்த மண்டபத்தில் அது தூணிடை வழியே தோட்டத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது தொடக்க ஒலி மட்டும்: வில் கம்பியைப் பற்றும் கணம், சுத்தியல் விழும் கணம்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஓர் ஐப்பசி மாலை, கண்டியை அடுத்த திறந்த மண்டபமொன்றில் மூவர் வாசித்ததைக் கேட்டேன். நாற்பது கதிரைகள், நின்றநிலைப் பியானோ ஒன்று, மேலே தகரக் கூரை. ஹைடனின் ஜிப்சி ட்ரியோ தொடங்கிச் சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. செல்லோ கேட்கவேயில்லை. ஆனால் இசையில் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. பியானோவின் இடக்கை அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து ஆர்ச்டியூக். இப்போது இழப்பு உறைத்தது. செல்லோக்காரரின் வில் நீளமாகப் போய் வருவது தெரிகிறது, பாட்டைக் காணோம். முதற்பகுதியின் நடுவில் வயலினும் செல்லோவும் வில்லை விட்டு விரலால் கம்பியைச் சுண்டும் இடம் வந்தது. அந்தச் சுண்டல் மட்டும் மழையைத் துளைத்துக்கொண்டு தெளிவாகக் கேட்டது.

மடுவவுக்குரிய இசையின் இலக்கணம் அந்தச் சுண்டலில் இருந்தது. தலதா மாளிகையில் மாலைப் பூசையின்போது கீழ்த்தளத்து ஹேவிசி மண்டபத்தில் நின்றவர்களுக்கு இது விளங்கும். தவுல, தம்மெட்டம, ஹொரணேவ ஆகிய மூன்று வகைக் கருவிகள். நம் தவிலையும் தம்பட்டத்தையும் அறிந்த காதுக்கு முதல் இரண்டின் பெயரும் உறவினர் பெயர்போல ஒலிக்கும். தவுலவின் ஒரு முகத்தில் குச்சி, மறுமுகத்தில் கை. இடுப்பளவில் கட்டிய இரட்டைத் தம்மெட்டம மீது வளைந்த பிரம்புகள் விழுகின்றன. ஹொரணேவ நாகசுர இனம். ஆனால் கீழே ஒத்து இல்லை. சுருதியில் உடன்படுவது இங்கே நிபந்தனை அல்ல, காலத்தில் உடன்படுவதே நிபந்தனை. எனவே குழல் வழி நிற்றல் என்ற வரிசை தலைகீழாகிறது: மேளம் போகும் வழியில் ஹொரணேவ நிற்கிறது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதுகூட அரிது. எல்லாம் காதில் நடக்கிறது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும், நடத்துநரும் ஒலிபெருக்கியும் இன்றிக் கேட்டு வாசித்தலே அறை இசை என்றால், பெரஹராவில் தெருவை நிறைக்கும் அதே கருவிகள் இந்த மண்டபத்துக்குள் அறை இசைதான். கண்டி மேளம் வெளிவாசலுக்குரிய சடங்கொலி என்று ஒதுக்குவோர் இந்த மாலை வேளையைக் கணக்கில் எடுப்பதில்லை.

நடன மேளமான கெட்ட பெரய இன்னும் நுண்மையானது. இரு முகங்களுக்கும் வெவ்வேறு தோல். ஒன்று கூர்மை, ஒன்று கனம். தத், ஜித், தொங், நங் என்ற நான்கு சொற்களில் பாடம் தொடங்குகிறது. நம் மிருதங்க மாணவன் தத்தகாரம் சொல்லிக் கைவைப்பதுபோல இங்கும் வாய் முந்தும், கை பின்வரும்.

இந்த மேளம்தான் அறைக்குள் போனது. கொண்டுபோனவர் ரோஹன் த சேரம் (1939–2024). இலங்கைப் பெற்றோருக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர், கஸ்பார் கசாடோவிடமும் பாப்லோ கசல்ஸிடமும் செல்லோ பயின்றவர். ஆர்டிட்டி நால்வர் குழுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் வாசித்து 2005இல் விலகினார். கண்டி மேளமும் வாசிப்பார். அவர் வழியாக அதை அறிந்த இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ, 1958இல் தனிக் குழலுக்கு எழுதித் தொடங்கிய 'செக்குவென்ட்சா' வரிசையின் பதினான்காவதும் கடைசியுமான படைப்பை அவருக்கென்றே எழுதினார். 2002 ஏப்ரலில் ஜெர்மனியின் விட்டன் நகரில், புதிய அறை இசைக்கென்றே நடக்கும் விழாவில், த சேரம் அதை அரங்கேற்றினார். அதில் வில் ஓய்ந்துவிடும் பகுதிகள் உண்டு. வலக்கை செல்லோவின் மரவுடலைத் தட்டுகிறது. இடக்கை விரல்கள் கம்பிமேல் விழுந்து சுரம் எழுப்புகின்றன. ஒரே ஆள், ஒரே கருவி, இரண்டு முகம். கெட்ட பெரயவின் உடலமைப்பே செல்லோவுக்குப் பெயர்ந்துவிட்டது எனலாம்.

இது ஒரு தனியாளின் படைப்பு, இதை வைத்து மூவர் இசையைப் பேசலாமா என்று கேட்கலாம். பேசலாம். செல்லோ ஹைடனில் பியானோவின் நிழலாக இருந்த கருவி. பீத்தோவனில் சமபங்கு கேட்டது. பெரியோவின் பக்கங்களில் பாட்டும் தாளமும் ஆகித் தனக்குத்தானே வழி நிற்கிறது. வழிநிற்றல் என்ற ஒரே கேள்வியின் மூன்று விடைகள் இவை. மூன்றாவது விடை மடுவவிலிருந்து வந்தது. கண்டியின் தாளத்தை ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. இரண்டு கல்வியும் ஒரே கையில் இருந்த ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார். குறை சொல்வதானால் நம்மைத்தான் சொல்ல வேண்டும்: கெட்ட பெரய மேலே ஒரு பாடநெறி, மிருதங்கம் கீழே ஒரு பாடநெறி, பியானோ எதிர் அறையில் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

அந்த ஐப்பசி மாலையில் மழை விட்டதும் செல்லோக்காரர் கருவியைத் துணியால் துடைத்தார். சுருதி எந்த அளவு போயிற்று என்று கம்பியைச் சுண்டிப் பார்த்தார். பிறகு, ஒட்டுவாய் ஏதும் விட்டிருக்கிறதா என்று அறிய, விரல் முட்டியால் மரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டு போனார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது.