நூலடுக்கிலிருந்து மின்னணுச் சந்தாவுக்கு: திருச்சிராப்பள்ளி – லால்குடிப் பகுதிக் கல்வி நூலகங்கள்

கல்லூரி நூலகம் என்னும் சொல் நெடுங்காலம் ஓர் அறையையும் அதனுள் அடுக்கப்பட்ட நூல்களையுமே குறித்தது. சீர்காழியில் பிறந்த சீ. இரா. ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளும் வாசகர் கையில் எடுத்துப் புரட்டும் நூலை மனத்திற்கொண்டே எழுந்தவை. அந்நிலையில் நூலகத்தின் வளம் அதன் வயதைப் பொறுத்திருந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி போன்றவற்றின் தொகுப்புகள் பல தலைமுறைத் தேர்வால் வளர்ந்தவை. லால்குடி வட்டத்துக் குமுளூரில் பிற்காலத்தில் அமைந்த வேளாண் பொறியியல் கல்லூரிக்கு அத்தகைய முதுசொம் இல்லை.

இவ்விடைவெளியைக் குறைத்தது கூட்டுச்சந்தா முறை. வேளாண் கல்வி நிறுவனங்களுக்கென இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2007இல் மின்னிதழ்க் கூட்டமைப்பைத் தொடங்கியது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டம் 2010இல் வந்தது. ஆய்விதழுக்காகப் பெருநகர நூலகத்தை நாடவேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

ஆனால் அச்சிதழுக்குச் சந்தா நின்றாலும் முன்பு வாங்கிய தொகுதிகள் அடுக்கில் இருந்தன. மின்னிதழிலோ, ஒப்பந்தம் தனியே இடமளித்தாலன்றி, சந்தா முடியும் நாளில் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகின்றன. நூலகம் உடைமையாளர் என்னும் நிலையிலிருந்து வாடகைதாரர் நிலைக்கு வந்துள்ளது என்பதே இம்மாற்றத்தின் உட்கிடை. 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஏற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை வழங்குகிறது. எனினும் அதன் முதற்கட்டம் அரசு நிருவகிக்கும் நிறுவனங்களுக்கானது. வயதில் மூத்த கல்லூரிகள் பல தனியார் நிருவாகத்தில் இருப்பவை. முன்பு வளத்தை அளந்தது வயது. இன்று அளப்பது நிருவாக வகை.

தமிழாய்வாளருக்கு இக்கூட்டுச்சந்தாக்களால் விளைந்த பயன் சிறிதே. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தமிழ் நூல்கள் வேறு வழியில் இணையமேறின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், அரசின் துணையோடு மின்னூலகம் அமைத்தது. இவற்றுக்குச் சந்தா இல்லை என்பது சிறு செய்தியன்று.

ஆய்வேடுகளின் நிலை சிக்கலானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கியது. ‘சோத்கங்கா’ களஞ்சியம் அதன் விளைவு. 1982இல் நிறுவப்பெற்ற பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அங்கு உள்ளன. ஆனால் தமிழில் அமைந்த ஆய்வேடுகள் பல ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சானவை. சில வெறும் பக்கப்படங்கள். திரையில் தமிழாகத் தெரியும் தொடரைப் படியெடுத்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே கிடைக்கின்றன, தேடுபொறிக்கும் அவ்வாறே. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும் பழைய எழுத்துருப் பழக்கம் உடனே மறையவில்லை. தலைப்பும் ஆய்வாளர் பெயரும் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் பதிவாவதால், ‘ழ’கரத்தை எவ்வாறு எழுதினார்கள் என்று ஊகித்தே ஓர் ஆய்வேட்டைக் கண்டடைய வேண்டியுள்ளது. உள்ளே ஒரு சொல்லைத் தேடுபவர், நூலடுக்கின் முன் நின்ற காலத்தைப் போலவே, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்.