மொசார்ட் அம்மாவுக்காக அழுதாரா?

முன்னாடி ஒரு எபிசோடில் ரொம்ப உறுதியாகச் சொன்ன ஒரு விஷயத்தை இன்னிக்கு நானே திருத்தப் போறேன்.

மொசார்ட்டின் சின்ஃபோனியா கான்செர்ட்டான்ட்டே, கே. 364. ஒரு வயலினும் ஒரு வயோலாவும் சரிசமமாக முன்னால் நின்று வாசிக்கிற கான்செர்ட்டோ. மூன்று பகுதிகள். நடுவில் வருகிற மெதுவான பகுதி, இறந்துபோன அம்மாவுக்காக மொசார்ட் வைத்த ஒப்பாரி என்று சொல்லியிருந்தேன். எனக்கு அந்தக் கதை தேவைப்பட்டது, அதையும் ஒத்துக்கறேன். என் அம்மா போன பிறகு, தூக்கம் வராத ராத்திரிகளில் ஹெட்ஃபோனில் ஓடிக்கிட்டிருந்தது இதுதான்.

கதை காற்றிலிருந்து வந்ததில்லை. 1778இல் வேலை தேடி பாரிஸ் போன 22 வயது மொசார்ட்டுக்குத் துணையாகப் போனவர் அம்மா அன்னா மரியா. அங்கேயே நோயில் விழுந்து, ஜூலை 3ஆம் தேதி இறந்துபோனார். அன்று ராத்திரி மொசார்ட் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதில் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலை என்று மட்டும்தான் இருக்கு. உண்மையை ஊரில் இருந்த ஒரு குடும்ப நண்பருக்குத் தனியாக எழுதி, அப்பாவின் மனசைக் கொஞ்சம் தயார் பண்ணி வைக்கச் சொல்கிறார். ஆறு நாள் கழித்துத்தான் அப்பாவிடம் நேரடியாகச் சொல்கிறார். நினைத்த வேலை எதுவும் அமையாமல் 1779 ஜனவரியில் சால்ஸ்பர்க் திரும்பினார். இந்த கான்செர்ட்டோ பிறந்ததும் அந்த வருஷம்தான்.

இப்ப இசையைக் கேட்போம். முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் ஈ ஃப்ளாட் மேஜர். கம்பீரம், கொண்டாட்டம். நடுப்பகுதி மட்டும் சி மைனரில் இறங்குது. ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்து வைக்க, வயலின் தன் துக்கத்தைச் சொல்கிறது. அடுத்து வயோலா. அது வயலின் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லாது. மெல்ல மெல்ல மெட்டை ஈ ஃப்ளாட் மேஜர் பக்கம் கூட்டிக்கொண்டு போகும். துக்க வீட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சை வேறு பக்கம் திருப்புவாங்களே, அந்த மாதிரி. ஆனா பகுதி முடியறது சி மைனரில்தான்.

இந்த வயோலாவுக்குப் பின்னால் ஒரு வேலைப்பாடு இருக்கு. மொசார்ட் அதன் நாலு தந்திகளையும் அரை ஸ்வரம் ஏற்றிக் கட்டச் சொல்லி, வாசிப்பவருக்கு டி மேஜரில் எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் டி, காதில் ஈ ஃப்ளாட். நடுப்பகுதியில் காகிதத்தில் இருப்பது பி மைனர், கேட்பது சி மைனர். தந்தி இறுகினால் ஒலி பளிச்சென்று வரும். டி ஸ்கேலில் விரல் வைக்காத திறந்த தந்திகளும் கைகொடுக்கும். எப்பவும் கும்பலோடு நிற்கிற வயோலா, வயலினுக்கு முன்னால் அமுங்கிப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. மொசார்ட்டே வயோலா வாசிப்பவர், அதன் கஷ்டம் தெரிந்தவர். இன்று பலர் ஸ்ருதியை ஏற்றாமலே வாசிக்கிறாங்க.

சரி, என் கதை எங்கே உடைந்தது? கே. 271 என்ற பியானோ கான்செர்ட்டோவைக் கேட்டப்ப. அதுவும் ஈ ஃப்ளாட் மேஜர். அதிலும் நடுப்பகுதி சி மைனர். அதே மூன்று எண்ணிக்கைத் தாளம். அங்கேயும் தொண்டை அடைக்கிற துக்கம். எழுதியது 1777 ஜனவரியில். அப்போ அம்மா உயிரோடு, சால்ஸ்பர்க்கில், அவர் கூடவே இருக்காங்க.

எனக்குக் கொஞ்ச நேரம் கோபமே வந்தது. யார் மேல என்று தெரியலை.

சி மைனர் என்றாலே முகாரிதான் என்று முடிவு கட்ட முடியாது என்பது புரிஞ்சுது. மொசார்ட் காலத்தவரான ஷூபார்ட், ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு குணம் சொல்லி எழுதினவர், சி மைனருக்குக் கொடுத்தது கைகூடாத காதலின் புலம்பலை. அப்படிப் பார்த்தால் 1778 டிசம்பரில் மொசார்ட்டை வேண்டாம் என்று சொன்ன பாடகி அலோய்சியா வெபரை வைத்து இன்னொரு கதை கட்டலாம். அதுவும் கச்சிதமாகப் பொருந்தும்! மொசார்ட் தரப்பில் சாட்சி கிடையாது. முழுக் கையெழுத்துப் பிரதி இன்று இல்லை. அந்த வருஷம் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஊரில், பிறகு கடிதம் எதுக்கு?

கதை வாசிப்பையும் மாற்றிவிடும் என்பதுதான் என்னை உறுத்துது. இந்தப் பகுதிக்கான வேகக் குறிப்பு ஆண்டான்ட்டே. நடத்தல் என்று பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அடாஜியோ என்று போட்டிருந்தால் இன்னும் மெதுவாகப் போகலாம், அப்படிப் போடவில்லை. ஆனா பழைய ரெக்கார்டிங் சிலவற்றில் சவ ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போகும். அந்தக் கால வாத்தியங்களில் வாசிக்கிற குழுக்கள் நடக்க வைக்கிறாங்க. அப்போ வயலின் கேட்டதும் வயோலா சொன்னதும் பேச்சாகக் காதில் விழுது. இழுத்தால் இரண்டும் தனித்தனிப் புலம்பல்தான்.

நான் ராத்திரியில் கேட்டுக்கிட்டிருந்தது ஊர்ந்து போகிற ரெக்கார்டிங். அதை இன்னும் டெலிட் பண்ணலை. நீங்க முதலில் கே. 271இன் நடுப்பகுதியைக் கேளுங்க, அப்புறம் இதை, கொஞ்சம் வேகமாக வாசித்த ஒன்றாகத் தேடிப் பிடித்து. வயோலா உள்ளே வருகிற இடத்தில் மட்டும் மொபைலைக் கீழே வைங்க.